சைபர், சைபர், மூணு

அந்த அம்மா மூன்றாவது முறையாக வந்தபோது பாஸ்புக்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வார நாட்களில் மென்பொருள் வேலை பார்க்கும் நான், சனிக்கிழமைகளில் ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைப் பட்டியலைக் கவனித்துக்கொள்கிறேன். மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்களைத் தொகுத்து, வங்கி கேட்கும் வடிவத்தில் ஒரே கோப்பாக ஆக்கித் தருவது என் பொறுப்பு. அந்த ஆண்டு அதற்கென்று பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதியிருந்தேன். பணம் அனுப்பிய சில நாட்களில் 19 பேருடைய தொகை திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு கணக்கே இல்லை என்பதுதான் வங்கி சொன்ன காரணம். படிவத்தில் எண்ணைத் தவறாக எழுதியிருப்பார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த அம்மாவிடமும் இரண்டு முறை அதையே சொல்லி, சரியான எண்ணை எழுதிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பியிருந்தேன். அவர் இரண்டு முறையும் ஒரே எண்ணைத்தான் எழுதிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் முறை அவர் உட்காரவில்லை. மேசைக்கு எதிரே நின்றபடியே பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் திறந்து, எண்ணின் மேல் விரலை வைத்து, “நான் ஒண்ணொண்ணா சொல்றேன் தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கான்னு பாருங்க” என்றார். “சைபர், சைபர், மூணு, ஏழு” என்று அவர் தொடங்க, என் திரையில் இருந்த எண்ணோ மூன்றில் தொடங்கியது. முன்னால் வரும் சைபருக்கு மதிப்பு இல்லை என்று நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “பாஸ்புக்குல போட்டிருக்கே தம்பி, மதிப்பு இல்லாததை எதுக்குப் போடப்போறாங்க?” என்று மட்டும் கேட்டார். பிறகு பக்கத்தைப் புரட்டி, கடைசி வரியில் விரல் வைத்து, “இதுல நாலாயிரத்து இருநூத்துப் பத்து ரூபா இருக்கு, அது நான் கட்டினது. உங்க பணம் வரவே இல்லை” என்றார்.

இரண்டும் ஒரே பாஸ்புக்கில் அச்சான இலக்கங்கள்தாம். ஒன்றை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். மற்றொன்றைத் தொகையாகப் படித்தார். இருப்புத் தொகையை ‘நாலு, ரெண்டு, ஒண்ணு, சைபர்’ என்று அவர் படிக்கவில்லை. கணக்கு எண்ணை இத்தனை ஆயிரம் கோடி என்றும் படிக்கவில்லை. எது அளவு, எது அடையாளம் என்ற வேறுபாட்டை அவருடைய வாய் தவறாமல் காத்தது. பல ஆண்டுகளாக எண், எழுத்து என்ற தரவு வகைகளைப் பற்றிப் பேசியும் எழுதியும் வரும் நான் எழுதிய நிரல் அதைக் காக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் அந்த அலுவலகத்திலேயே அமர்ந்து, ஓர் எண் என் கையில் என்னென்ன ஆனது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்தேன்.

என் நிரல் செய்தது

அறக்கட்டளையின் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் தன் வேலையை நன்றாக அறிந்தவர். எக்செலில் கணக்கு எண்ணை உள்ளிடும்போது ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் ஒற்றை மேற்கோள்குறி ஒன்றை இட்டு, அதன் பின்னரே எண்ணைத் தட்டுவார். அந்தக் குறி இல்லாவிட்டால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்ஜியங்களை நீக்கிவிடும். 15 இலக்கங்களுக்கு மேல் போனால் மிச்ச இலக்கங்களை எல்லாம் பூஜ்ஜியமாக்கிவிடும். குறி இருந்தால் அது எழுத்தாகவே நிற்கும். அவர் அப்படிக் காத்துக் கொடுத்த பட்டியலைத்தான் நான் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) கோப்பாகச் சேமித்து என் நிரலுக்குக் கொடுத்தேன். கோப்பில் பூஜ்ஜியங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

நான் பயன்படுத்திய பாண்டாஸ் நூலகம் (பட்டியல்களைக் கையாள முன்பே எழுதிவைத்த நிரல்தொகுப்பு), கோப்பைப் படிக்கும்போதே ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று தானாக ஊகிக்கிறது. கணக்கு எண் வரிசையில் இலக்கங்கள் மட்டுமே இருந்ததால் அதை எண் என்று கொண்டது. முன்னால் இருந்த பூஜ்ஜியங்கள் அங்கேயே போயின. ஒரு மாணவி மட்டும் இன்னும் கணக்குத் தொடங்காததால் அவளுடைய கட்டம் காலியாக இருந்தது. காலியிடத்தைக் குறிக்க அந்த நூலகம் வழக்கமாகக் கையாளும் மதிப்பு ஃப்ளோட் என்ற, புள்ளி வைத்த எண்களுக்கான வகையைச் சேர்ந்தது. ஒரு வரிசைக்கு ஒரே வகைதான் என்பதால், அந்த ஒரு காலிக் கட்டத்துக்காக வரிசை முழுவதுமே ஃப்ளோட் ஆனது. வெளியே எழுதியபோது பெரும்பாலான கணக்கு எண்களின் இறுதியில் ‘.0’ ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்த நான் காரணத்தைத் தேடவில்லை. காலிக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றவற்றை முழு எண்ணாக்கி, மீண்டும் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், ஆக்கி, ‘.0’ மறைந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். எழுத்து ஃப்ளோட் ஆகி, ஃப்ளோட் முழு எண் ஆகி, முழு எண் மீண்டும் எழுத்தானது. இந்த மூன்று மாற்றங்களில் எதிலும் பிழைச்செய்தி வரவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் விதிப்படி சரியாகவே நடந்தது.

திரும்பி வந்த 19 பேரில் 16 பேருக்குப் போனது முன்னிருந்த பூஜ்ஜியம். மற்ற 3 பேருக்கு நடந்தது அதைவிடக் கவலைக்குரியது. அவர்களுடைய கணக்கு எண்கள் 17 இலக்கம் கொண்டவை, ஒற்றைப்படையில் முடிந்தவை. இன்றைய கணினிகள் பெரும்பாலும் பின்பற்றும், 1985-இல் வகுக்கப்பட்ட ஐட்ரிபிள்இ 754 தர வரையறையின்படி, 64 பிட் (0 அல்லது 1 என்ற இரும இலக்கம்) கொண்ட ஃப்ளோட்டில் எண்ணின் இலக்கங்களுக்கென்று கிடைக்கும் துல்லியம் 53 பிட். இரண்டின் 53-ஆம் அடுக்கு 9007199254740992. அதற்கு மேல் போனால் ஒற்றைப்படை எண்களுக்கு அங்கே இடமே இல்லை. 9007199254740993 என்று கொடுத்தால் 9007199254740992 என்றுதான் திரும்பி வரும். கணக்குத் தொடங்காத ஒரு மாணவியின் காலிக் கட்டம், அவளுக்குச் சற்றும் தொடர்பில்லாத மூன்று மாணவர்களின் கடைசி இலக்கத்தை மாற்றியிருக்கிறது. பெயரைப் பாராமல் கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கும் முறை மின்னணுப் பணமாற்றில் நெடுங்காலம் இருந்தது. மாறிய எண் வேறொருவருடைய கணக்காக அமைந்திருந்தால் பணம் திரும்பியும் வந்திருக்காது. அன்றிரவு எனக்கு உறக்கம் வராததற்கு இதுவே காரணம்.

தோன்றல், திரிதல், கெடுதல்

இரண்டு சொற்கள் சேரும்போது என்ன நடக்கிறது என்பதைப் பள்ளியில் புணர்ச்சி என்ற தலைப்பில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். மரமும் வேரும் சேர்ந்தால் மகரம் கெட்டு மரவேர் ஆகிறது. பூவும் கொடியும் சேர்ந்தால் இடையில் ஓர் எழுத்துத் தோன்றிப் பூங்கொடி ஆகிறது. கல்லும் சிலையும் சேர்ந்தால் லகரம் றகரமாகத் திரிந்து கற்சிலை ஆகிறது. என் கோப்பை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தபோது இந்த மூன்றும் அதிலே இருந்தன. முன்னிருந்த பூஜ்ஜியங்கள் கெட்டன, ‘.0’ தோன்றியது, 3 என்பது 2 எனத் திரிந்தது. எழுத்துகள் சேர்ந்தால் விகாரம் உண்டு என்று விதி எழுதிவைத்த மொழியில் வளர்ந்தவர்களுக்கு, வகைகள் சேர்ந்தாலும் விகாரம் உண்டு என்பது புதிய செய்தியாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புணர்ச்சியைப் படித்த அதே வகுப்பில் ‘பிரித்து எழுதுக’ என்ற பயிற்சியும் இருந்தது. கற்சிலை என்று கொடுத்தால் கல்லும் சிலையும் என்று எந்தக் குழந்தையும் பிரித்துவிடும். சேர்ந்தபோது இழந்தது கேட்பவரின் மனத்தில் இருக்கிறது. கணினியில் அப்படி இல்லை. 37 என்று மாறிப்போன ஒன்றை என்னிடம் கொடுத்து, மாறுவதற்கு முன் இது 037-ஆ, 0037-ஆ, வெறும் 37-தானா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வகை மாற்றங்கள் எல்லாவற்றையும் நான் இப்போது இந்த ஒரு கேள்வியால்தான் எடைபோடுகிறேன்: இதைப் பிரித்து எழுத முடியுமா? 8 என்ற முழு எண்ணை 8.0 ஆக்கினால் மீட்டுவிடலாம். 2.9-ஐ முழு எண்ணாக்கினால் பைத்தான் 2 என்று தரும். அந்த 2-இலிருந்து 2.9-ஐ மீட்க முடியாது. மீட்க முடியாத மாற்றத்தை, மனிதர் ஒருவர் கேட்காமல் ஒரு மொழியோ நூலகமோ செய்யக்கூடாது என்பதே என் கருத்து. வசதிக்காக என்று சொல்லப்படும் சமாதானத்தை நான் இனி ஏற்பதாக இல்லை.

ஒரு கூட்டல் குறி

எழுத்தையும் எண்ணையும் கூட்டினால் என்ன வரவேண்டும் என்பதில் நிரல்மொழிகளுக்குள் ஒற்றுமை இல்லை. 1995-இல் பத்து நாட்களில் முதல் வடிவம் பெற்ற ஜாவாஸ்கிரிப்ட், "5" என்ற எழுத்தோடு 3 என்ற எண்ணைக் கூட்டச் சொன்னால் "53" என்று ஒட்டித் தருகிறது. அதே இரண்டையும் கழிக்கச் சொன்னால் 2 என்று கணக்கிட்டுத் தருகிறது. கூட்டல் குறிக்கு ஒட்டுதல் என்ற பொருளும் உண்டு, கழித்தல் குறிக்கு அப்படி இரண்டாம் பொருள் இல்லை என்பதே காரணம். காரணம் புரிகிறது. ஆனாலும் பயனர் ஒரு பெட்டியில் தட்டிய விலையோடு வரியைக் கூட்டும் ஒருவர், 100-உம் 18-உம் சேர்ந்து 10018 ஆகி நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் காரணம் அவருக்கு உதவுவதில்லை.

பைத்தான் இங்கே மறுக்கிறது. எழுத்தையும் எண்ணையும் கூட்டச் சொன்னால் டைப் எரர், அதாவது வகைப் பிழை, என்று நின்றுவிடும். தொடக்கநிலை மாணவர்கள் இந்தச் செய்தியைக் கண்டு சலித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை, முழு எண்ணாக்கும் இன்ட் கட்டளையைப் போட்டுவிடு, சரியாகிவிடும் என்பது. நானும் அந்த அறிவுரையைப் பலமுறை கொடுத்திருக்கிறேன். இது அளவா, அடையாளமா என்று அந்தப் பிழைச்செய்தி கேட்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாயை மட்டும் அடைக்கும் முறையை நாம் கற்றுக்கொடுத்து வருகிறோம்.

பைத்தானும் எல்லா இடத்திலும் கேட்பதில்லை. முழு எண்ணையும் ஃப்ளோட்டையும் கூட்டினால் கேளாமலே ஃப்ளோட் ஆக்கிவிடும். உண்மை, பொய் என்ற பூலியன் மதிப்புகள் அங்கே முழு எண்ணின் கிளை வகை என்பதால், உண்மையோடு உண்மையைக் கூட்டினால் 2 வரும். பைத்தான் 2-இல் 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2 தான் வந்தது. இரண்டும் முழு எண் என்பதால் விடையும் முழு எண்ணாக இருக்கவேண்டும் என்ற பழைய சி மொழி வழக்கம் அது. இந்த வழக்கத்தை மாற்றவேண்டும் என்ற முன்மொழிவு 2001-இல் வந்து, 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3-இல்தான் 2.5 என்பது இயல்பான விடையாயிற்று. ஒரு வகுத்தல் குறியின் பொருளை மாற்ற ஒரு மொழிக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. தம் மொழியில் இருந்த ஓசையற்ற தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு, பழைய நிரல்கள் முறிந்தாலும் பரவாயில்லை என்று அதைத் திருத்தியவர்கள் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு.

எண்களைத் தாங்களே உருவாக்கியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2010-இல் ட்விட்டர் தன் பதிவுகளின் அடையாள எண்களை 64 பிட்டுக்கு மாற்றியபோது, ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை ஃப்ளோட்டாகப் படித்துக் கடைசி இலக்கங்களை மாற்றிவிடும் என்பதால், அதே அடையாளத்தை எண்ணாக ஒருமுறையும் ஸ்ட்ரிங்காக ஒருமுறையும் சேர்த்தே அனுப்பத் தொடங்கினார்கள். மரபணு ஆய்வாளர்களின் நிலை இன்னும் வருத்தமானது. செப்ட்1, மார்ச்1 போன்ற குறியீடுகளை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வகுக்கும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே செப்டின்1, மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டது. தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்செலில் 2023-இல்தான் வந்தது. அதற்குள் மரபணுக்கள் பெயர் மாறியிருந்தன.

இவற்றில் எல்லாம் மிகப் பெரிய விலை கொடுக்கப்பட்டது 1996 ஜூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்தில். ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம் ஏறத்தாழ 40 நொடிகளில் முடிந்தது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் ஃப்ளோட் மதிப்பை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி ஒன்று, 32767 என்ற உச்சவரம்பைத் தாண்டியதும் முறிந்தது. அந்த வரி ஓடிய வழிகாட்டும் கருவி நின்றது; அதற்கு மாற்றாக இருந்த கருவியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் உடன் நின்றது. அந்த நிரல் ஏரியன் 4-க்கு எழுதப்பட்டது. அந்த ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வளர வழியில்லை. ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதி, மூன்றை விட்டுவிட்டிருந்தார்கள். விட்டது கவனக்குறைவால் அன்று; கணினியின் சுமையைக் கட்டுக்குள் வைக்கவேண்டும் என்று யோசித்தே விட்டார்கள். அந்த விசாரணை அறிக்கையின் சுருக்கத்தை முன்பும் படித்திருக்கிறேன். பாஸ்புக் நிகழ்ச்சிக்குப் பிறகு படித்தபோதுதான், ஒவ்வொரு வகை மாற்றத்துக்குள்ளும் ‘இந்த மதிப்பு இதற்குமேல் போகாது’ என்று ஒருவர் கொடுத்த வாக்கு இருக்கிறது என்பதும், ராக்கெட் மாறியபோது அந்த வாக்கைத் திரும்ப யாரும் கேட்கவில்லை என்பதும் மனத்தில் பதிந்தன.

வாயால் படித்துப் பார்த்தல்

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கட்டடத்தில் கல்லூரி மாணவர்களுக்கு நான் நடத்தும் பைத்தான் வகுப்பில் தரவு வகைகளுக்கான பாடத்தை மாற்றிவிட்டேன். முன்பெல்லாம் இன்ட், ஃப்ளோட், ஸ்ட்ரிங், பூலியன் என்று பலகையில் எழுதிவிட்டு மாற்றும் முறைகளுக்குப் போய்விடுவேன். இப்போது முதல் அரைமணி நேரம் கணினியைத் திறப்பதில்லை. கைப்பேசி எண், அஞ்சல் குறியீட்டு எண், தேர்வுப் பதிவெண், மதிப்பெண், பேருந்து எண், பால் விலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். 620001 என்பதை எவரும் ஆறு லட்சத்து இருபதாயிரத்து ஒன்று என்று படிப்பதில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பதெல்லாம் ஸ்ட்ரிங், தொகையாகப் படிப்பதெல்லாம் எண் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறுவதில்லை. பேருந்து எண்ணில்தான் விவாதம் வந்தது. பதினேழாம் நம்பர் என்று சொல்கிறோமே என்று ஒரு மாணவர் கேட்டார். 17-ஏ, 17-பி என்று வரும்போது என்ன செய்வீர்கள் என்று பக்கத்தில் இருந்த மாணவியே பதில் சொல்லிவிட்டார்.

பால் விலையிலிருந்து அடுத்த பாடம் தொடங்குகிறது. 4.35 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கச் சொன்னால், பைத்தான் 434.99999999999994 என்று தருகிறது. அதை முழு எண்ணாக்கினால் 434. ஒரு பைசா எங்கே போனது என்று தேடுவதில் அந்த வகுப்பு முழுவதும் போய்விடும், போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். 4.35 என்பதை இரும எண் முறையில் முடிவுறும் பின்னமாக எழுத முடியாது என்று நான் சொல்வதைவிட, மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதி முடிக்கச் சொல்லி அவர்களே தாளில் 3, 3, 3 என்று எழுதிக் களைத்துப்போவது நன்றாகப் பதிகிறது. அதன்பின் பணத்தைப் பைசாவாகவே முழு எண்ணில் வைத்துக்கொள்வது ஏன் என்று விளக்க வேண்டிய தேவை இருப்பதில்லை.

ஒரு வகுப்பில் எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் கிடைத்தது. எழுத்து வடிவில் உள்ள எண்ணை முழு எண்ணாக்கும்போது 0 முதல் 9 வரையிலான இலக்கங்களை மட்டுந்தான் பைத்தான் ஏற்குமா என்று ஒரு மாணவி கேட்டு, தமிழ் எண்களைத் தட்டிப் பார்த்தார். ௧௨ என்று கொடுத்ததும் 12 என்று வந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறையான யூனிகோடில் தசம இலக்கம் என்று வகைப்படுத்தப்பட்ட எந்த எழுத்தையும் அது ஏற்றுக்கொள்ளும். அடுத்து, பழைய முறைப்படி பத்துக்கு உரிய ௰ என்ற குறியைப் போட்டு ௰௨ என்று கொடுத்தார். பிழைச்செய்தி வந்தது. இடமதிப்பில் அமரும் இலக்கங்களாக ௦ முதல் ௯ வரை மட்டுமே பதிவாகியிருக்கின்றன. ௰, ௱, ௲ ஆகியவை எண்மதிப்பு உடையவை, ஆனால் இலக்கங்கள் அல்ல. நம் முன்னோர் பன்னிரண்டு என்று எழுதிய வடிவத்தை அந்த மொழி மறுத்ததில் மாணவர்கள் சற்று வருந்தினார்கள். எனக்கு வருத்தமில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் மாற்றித் தராமல் நின்றுவிட்டது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மீதமிருக்கும் பக்கங்கள்

நிரலைத் திருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கோப்பைப் படிக்கும் வரியில், கணக்கு எண் வரிசையை ஸ்ட்ரிங்காகவே எடுத்துக்கொள் என்று ஒரு சொல் சேர்த்தேன். பின்னால் நானே எழுதியிருந்த இரண்டு மாற்றங்களையும் நீக்கினேன். திங்கட்கிழமை 19 பேருக்கும் மீண்டும் பணம் போனது. அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா வந்து, பதிவு அச்சிட்ட பாஸ்புக்கைக் காட்டி, “எட்டாயிரம் வந்திருச்சு தம்பி” என்றார். இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதுபடுத்தாமல், மகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

முடியாதது வேறொன்று. அறக்கட்டளையின் தரவுத்தளத்தில் கணக்கு எண்ணுக்கான இடத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ முழு எண் வகையில் அமைத்திருந்தார்கள். பழைய மாணவர்களின் கணக்கு எண்கள் அத்தனையும் அதில் பூஜ்ஜியம் இழந்து கிடக்கின்றன. எதற்கு ஒரு பூஜ்ஜியம், எதற்கு மூன்று, எதற்கு ஒன்றுமே இல்லை என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அந்த இடத்தை ஸ்ட்ரிங் வகைக்கு மாற்றிவிட்டேன், ஆனால் வகை மாறியதால் போனது திரும்பாது. தட்டச்சு செய்பவரும் நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சிலரைக் கைப்பேசியில் அழைத்து, பாஸ்புக்கை எடுத்து முதல் பக்கத்தைப் படிக்கச் சொல்கிறோம். அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் அப்படியே தட்டுகிறார். இப்போது அந்த இடம் ஸ்ட்ரிங்தான் என்று சொல்லியும், கட்டத்தின் தொடக்கத்தில் அந்த ஒற்றை மேற்கோள்குறியை இடுவதை அவர் விடவில்லை. விடவேண்டாம் என்றே நானும் சொல்லியிருக்கிறேன். இன்னும் 41 பேர் மீதம் இருக்கிறார்கள்.